சுவரொட்டிக்கு அனுமதி

முதலில் அந்தச் சொல்லில்தான் சிக்கியது.
"மார்பகம்னு இவ்வளவு பெரிசா வேணுமா?" என்றார்
பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர்
என்னைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்து.
"பெண்கள் நலம்னு போடுங்களேன், புரிஞ்சுக்குவாங்க."

புரிந்துகொள்ள மாட்டார்கள் சார்.
போன வருஷம் அப்படித்தான் போட்டோம்.
பதினொரு பேர் வந்தார்கள்.
நான்கு பேர் இரும்புச்சத்து மாத்திரை கேட்டார்கள்,
ஒருவர் தையல் மெஷின் தருவீர்களா என்றார்.

நான் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
எண்களைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.
சொல்லுக்குத்தான் பழக வேண்டியிருந்தது.
தமிழ்த்துறை எழிற்பாவை சிரித்தாள்:
பழம்பாட்டில் தாராளமாக நடமாடுகிற சொல்லுடி,
இதைவிடச் சின்னது, இரண்டே எழுத்து.
எங்கள் வகுப்பில் அந்த அடி வந்தால்
சார் இருமிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.
இப்போது அது பஸ் நிலையக் கழிவறைக் கதவில்
எழுத்துப்பிழையோடு குடியிருக்கிறது.

மூன்றாம் நாள் முத்திரை விழுந்தது.
பக்கத்தில் அவ்வளவு வெள்ளை இருந்தும்
சரியாக அந்தச் சொல்லின் மேலேயே,
ஊதாவில்: அனுமதிக்கப்பட்டது.

பெல்ஸ் ரோடு ஜெராக்ஸ் கடையில் காதர் பாஷா
எழுத்து அளவு கேட்டார். எழுபத்திரண்டு என்றேன்.
"ரோஸ் மை தீர்ந்துடுச்சும்மா. சிவப்புல அடிச்சா
ரத்ததானம்னு நினைச்சு வந்துடுவாங்க."
கறுப்பிலேயே அடித்தோம்.
அடியில் சீப்புப் பல் மாதிரி வெட்டிய சீட்டுகள்,
ஒவ்வொன்றிலும் நாள், அறை, நஸ்ரினின் எண்.

மைதாப் பசைக்கும் ஐப்பசி மழைக்கும் ஆகாது,
கடற்காற்றுக்கு எதுவுமே ஆகாது.
ராத்திரி ஒட்டியதைக் காலையில் தரையில் பொறுக்கி
மறுபடி ஒட்டினோம்.

ஆண்கள் விடுதிப் பக்கம் வேண்டாம் என்றேன் நான்.
நஸ்ரின் கேட்கவில்லை.
மறுநாள் போய்ப் பார்த்தால்
எதிர்பார்த்ததுதான்:
எவனோ இரண்டு வட்டம் போட்டிருந்தான்,
நடுவில் புள்ளியும் வைத்து, பொறுமையாக.
கிழிக்கக் கையை வைத்தேன்.
வட்டத்துக்குக் கீழே வேறு கையெழுத்து, நீலப் பேனா:
"அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. திண்டிவனம்.
கூட்டி வரலாமா? காசு கேட்பார்களா?"

சீட்டு ஒன்றுகூட மிச்சமில்லை அந்தச் சுவரில்.
பெண்கள் விடுதியில் எண்ணினேன்,
நாற்பதில் ஒன்பது போயிருந்தது.
ஒன்பதில் என்னுடையது இல்லை.

அன்று ராத்திரி குளியலறையில்
விழாத தாழ்ப்பாளுக்கு வாளியை முட்டுக்கொடுத்தேன்.
மூன்று விரல் சேர்த்து, நுனியால் இல்லை, பரப்பால்,
என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை
ஐம்பது பேருக்கு நானே ஒப்பித்திருக்கிறேன்.
துப்பட்டாவைச் சரிசெய்ய மட்டுமே தெரிந்த கை
எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது.
வெளியே யாரோ கதவைத் தட்டி
"எவ்வளவு நேரம்டி?" என்றார்கள்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.

விடிந்ததும் மார்க்கர் எடுத்துக்கொண்டு போனேன்.
அந்த வட்டங்களை அழிக்கவில்லை.
அம்புக்குறி போட்டேன்:
இங்கே தொடங்கி, இப்படிச் சுற்றி,
கொஞ்சம் அழுத்தி, அக்குள் வரைக்கும்.
படம் நன்றாகவே வந்திருந்தது,
வரைந்தவனுக்கு நன்றி.

நீலப் பேனாவுக்குக் கீழே பதில் எழுதினேன்.
கூட்டி வாருங்கள். காசு இல்லை.
பெண் மருத்துவர்தான்.
சாப்பிட்டுவிட்டே வரலாம்.
வியாழன் காலை பத்து மணி, அறை எண் பதினேழு,
சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால்
நடக்கிற தூரம்.
மழையாக இருந்தாலும் உண்டு.